கிருமிகளின் வழித்தடம் – 11: பத்தாயிரத்து அறுநூற்று எழுபதாவது எழுத்து

1964-ல் சென்னையிலும் வேலூரிலும் ஒரு காய்ச்சல் தெருத் தெருவாக இறங்கியது. முதல் நாள் சுரம், மறுநாள் மணிக்கட்டும் கணுக்காலும் பிடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் எழுந்து உட்கார ஆள் வேண்டும். சுரம் விட்ட பிறகும் வாரக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல், செம்பைத் தூக்கிக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவைப் படுக்கவைத்த சிக்குன்குனியாதான் கடற்கரை வழியாகத் தெற்கே வந்திருந்தது.

அப்போது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டொனால்ட் கேரியும் மையர்ஸும் வைரஸ் ஆராய்ச்சியில் இருந்தார்கள். அவர்களிடம் வந்த ரத்த மாதிரி ஒன்று மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. ஒரே நோயாளியிடமிருந்து இரண்டு வைரஸ்கள் பிரிந்து வந்தன. ஒன்று சிக்குன்குனியா, மற்றது டெங்கு இரண்டாம் வகை. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் ஈஜிப்தி என்ற ஒரே கொசு. ஒரே ஊரில் ஒரே பருவத்தில் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன என்பதற்கு அந்த மனிதரின் உடலே சான்று. 1967-ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தது.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால்தான் பின்னால் வரப்போகும் மாற்றத்தின் அளவு புரியும். பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குட்டியின் மூளைக்குள் நோயாளியின் ரத்த நீரை ஊசியால் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் சில நாட்களில் குட்டி பால் குடிப்பதை நிறுத்தும், துவண்டுபோகும். அதன் மூளையை எடுத்து அரைத்து வடிகட்டி, தெரிந்த வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். எந்த எதிர்ப்புப் பொருள் முடக்குகிறதோ, அதை வைத்து வைரஸுக்குப் பெயர் சொல்வார்கள்.

பெயர் தெரிந்துவிடும். எங்கிருந்து வந்தது, யாருடைய வாரிசு, எந்தக் கப்பலில் ஏறியது என்பதெல்லாம் தெரியாது. சென்னைக்கு வந்த வைரஸ் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்ததா, பாங்காக்கிலிருந்து வந்ததா என்று எலிக்குட்டியால் சொல்ல முடியாது.

கேரியை அந்தக் கேள்வி விடவில்லை. 1971-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1779-ல் பதாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), 1823-ல் சான்சிபாரில், 1824-ல் இந்தியாவில் பரவி, டெங்கு என்று ஏடுகளில் பதிவான காய்ச்சல்களின் அறிகுறிகளை வரிவரியாகப் படித்தார். மாதக்கணக்கில் விடாத மூட்டுவலி டெங்குவுக்குப் பொருந்தாது, அவற்றில் பல சிக்குன்குனியாவாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். வலுவான வாதம். ஆனால் 1824-ன் ரத்தம் எந்தக் குப்பியிலும் இல்லை. அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் போகக்கூடிய எல்லை அதுதான்.

*

சிக்குன்குனியா வைரஸின் மரபுப் பொருள் ஓர் ஆர்.என்.ஏ. இழை. சுமார் 11,800 எழுத்துகள். ஏ, யு, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும். உயிரணுவுக்குள் புகுந்த வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும்போது பிழைகள் விழும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் விழுந்த பிழை அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் போய்க்கொண்டே இருக்கும். உ.வே.சாமிநாதையர் சங்க நூல்களின் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டபோது எந்த ஏடுகளில் ஒரே பாடபேதம் வருகிறதோ அவை ஒரே மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்டவை என்று ஊகிக்க முடிந்ததல்லவா? வைரஸ்களின் குலமரபைக் கணிக்கும் வேலையும் அடிப்படையில் இதுதான். இதை மூலக்கூறு நோய்ப்பரவலியல் என்கிறார்கள். 1980-களுக்குப் பின் மரபு எழுத்துகளைப் படிக்கும் கருவிகள் மலிவாக மலிவாக, நோயாளியின் முகவரியை வைத்து வரைந்த வரைபடத்தோடு எழுத்துகளின் வரைபடமும் சேர்ந்துகொண்டது.

இப்படிப் படித்தபோது சிக்குன்குனியாவுக்கு மூன்று பெரிய கிளைகள் இருப்பது தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கிளை ஒன்று. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்காவில் சுற்றும் கிளை மற்றொன்று. இரண்டும் காட்டில் வாழ்பவை. குரங்குகளுக்கும் மரப்பொந்துகளில் முட்டையிடும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே வைரஸ் சுழன்றுகொண்டிருக்கும், அவ்வப்போது மனிதக் குடியிருப்புக்குள் எட்டிப்பார்க்கும். செனகல் நாட்டின் கெடுகூ காடுகளில் இந்தச் சுழற்சியை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்காணித்திருக்கிறார்கள். மூன்றாவது, ஆசியக் கிளை. அதற்குக் குரங்கு தேவைப்படவில்லை. மனிதனும் வீட்டுக் கொசுவுமே போதும்.

வைரஸ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இன்றைய தான்சானியாவின் தென்கோடியில் உள்ள மக்கோண்டே பீடபூமியில். 1952-ல் அங்கே பரவிய காய்ச்சலை மரியன் ராபின்சனும் லம்ஸ்டெனும் விவரித்தார்கள். ஆர்.டபிள்யூ. ராஸ் வைரஸைப் பிரித்தெடுத்தார். தண்ணீர்ப் பஞ்சமுள்ள மேட்டுநிலம் அது. மக்கள் தண்ணீரைச் சுமந்துவந்து குடிசைக்குள் சேமித்து வைத்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஈஜிப்தி கொசு பெருகியது. சென்னையின் தொட்டிகளையும் அண்டாக்களையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு பரவல் பதிவானது. அதற்குப் பின் முப்பதாண்டு காலம் பெரிய பரவல் எதுவும் பதிவாகவில்லை. பாடப்புத்தகங்களில் சிக்குன்குனியா பழங்கதையாகச் சுருங்கியது.

*

2004-ல் கென்யாவின் லாமு தீவில் காய்ச்சல் கிளம்பியது. அது வறட்சிக் காலம். அங்கிருந்து மொம்பாசா, 2005 தொடக்கத்தில் கொமோரோஸ் தீவுகள், அடுத்து மொரீஷியஸ், ரீயூனியன். லாமுவிலும் கொமோரோஸிலும் பின்னர் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்துபோன தடயம் இருந்தது.

ரீயூனியன் பிரான்சின் ஆட்சிப் பகுதி. கரும்புத் தோட்டங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் தீவு. 2005 மார்ச் வாக்கில் நோய் அங்கே வந்தது, சில ஆயிரம் பேரைத் தொட்டது, குளிர்காலம் வந்ததும் தணிந்தது. முடிந்தது என்று நினைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அது திரும்பக் கிளம்பிய வேகம் யாரும் எதிர்பாராதது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000-க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள். தீவின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்குள். அதில் ஏறத்தாழ 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவர், படுத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட இறப்புச் சான்றிதழ்களில் சிக்குன்குனியாவின் பெயர் எழுதப்பட்டது. ஆளைக் கொல்லாத நோய் என்று அதுவரை சொல்லிவந்தது பொய்த்துப்போனது.

இதில் ஒரு முரண் இருந்தது. சிக்குன்குனியாவைப் பரப்பும் ஈஜிப்தி கொசு ரீயூனியனில் மிகக் குறைவு. எங்கும் நிறைந்திருந்தது அதன் உறவுக் கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். கறுப்பு உடலில் வெள்ளை வரி, முதுகில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. புலிக் கொசு என்பார்கள். ஈஜிப்தி வீட்டுக்குள் வாழும், புலிக் கொசு தோட்டத்திலும் புதரிலும் இருக்கும். சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை இரண்டாந்தரப் பரப்பி என்றே அது கருதப்பட்டிருந்தது.

பாஸ்டர் நிறுவனத்தின் இசபெல் ஷுஃபெனெக்கரும் சக ஆய்வாளர்களும் ரீயூனியன், செஷல்ஸ், மொரீஷியஸ், மடகாஸ்கர், மயோட் ஆகிய தீவுகளின் 127 நோயாளிகளிடமிருந்து வந்த வைரஸின் எழுத்துகளைப் படித்து 2006-ல் வெளியிட்டார்கள். எல்லாமே கிழக்கு-மத்திய-தென் ஆப்பிரிக்கக் கிளை. அதில் வியப்பில்லை. வியப்பு ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. இழையின் 10,670-ஆவது இடத்தில், முதல் அலையில் எடுத்த மாதிரிகளில் ‘சி’ இருந்தது. 2005 செப்டம்பருக்குப் பின் ரீயூனியனில் எடுத்தவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அந்த ‘சி’ போய் ‘யு’ வந்திருந்தது.

அந்த ஓர் எழுத்து மாறியதால் வைரஸின் மேலுறையில் உள்ள இ1 என்ற புரதத்தில், 226-ஆவது இடத்தில், அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்தது. உயிரணுவோடு ஒட்டி உள்ளே நுழைய வைரஸ் பயன்படுத்தும் புரதம் அது. கொசு நோயாளியின் ரத்தத்தைக் குடித்ததும் வைரஸ் முதலில் கடக்க வேண்டியது கொசுவின் நடுக்குடல். அங்கே தொற்றிப் பெருகி, உடல் முழுக்கப் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டினால்தான் அடுத்த மனிதருக்குப் போக முடியும்.

புலிக் கொசுவின் குடலில் தொற்ற அந்த மாற்றம் வைரஸுக்கு உதவியிருக்குமோ என்ற ஊகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் கால்வெஸ்டனில் கான்ஸ்டான்டின் செத்சார்கினும் ஸ்டீபன் ஹிக்ஸும் அந்த ஓர் எழுத்தில் மட்டுமே வேறுபடும் இரண்டு வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ரத்தத்தில் கலந்து கொசுக்களுக்குக் கொடுத்தார்கள். வேலின் உள்ள வைரஸ் புலிக் கொசுவைத் தொற்றுவதற்குத் தேவைப்பட்ட அளவு, பழைய வைரஸுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஈஜிப்தி கொசுவில் அத்தகைய ஆதாயம் எதுவும் இல்லை. 2007 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துகளில் ஒன்று மாறி, தீவின் தோட்டந்தோறும் காத்திருந்த வேறொரு கொசுவின் கதவைத் திறந்துவிட்டது.

*

ரீயூனியன் கொதித்துக்கொண்டிருந்தபோதே, 2005-ன் கடைசி மாதங்களில், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கிராமம் கிராமமாக மக்கள் படுத்தார்கள். 2006-ல் இந்தியா முழுவதும் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு நோய் வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. தமிழ்நாட்டில் கை ஊன்றி எழுந்த பெரியவர்களையும், நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிய முடியாமல் கூலி இழந்த பெண்களையும் அந்த ஆண்டைக் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வலிக்குக் கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை.

எல்லோருக்கும் தோன்றிய விளக்கம், பழைய ஆசிய வைரஸ் முப்பதாண்டு பதுங்கியிருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்பது. அது தவறு என்று காட்டியது புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம். அங்கே உறைபெட்டிகளில் பழைய மாதிரிகள் பத்திரமாக இருந்தன. அவற்றின் பெயர்ச்சீட்டுகளே ஒரு வரலாறு. ‘ஐஎன்டி-63-டபிள்யூபி1’ என்றால் இந்தியா, 1963, மேற்கு வங்கம். ‘ஐஎன்டி-73-எம்எச்5’ என்றால் 1973, மகாராஷ்டிரம். இவற்றை 2006-ன் புதிய மாதிரிகளோடு வித்யா அரங்கல்லேயும் சக ஆய்வாளர்களும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். 1963-ம் 1973-ம் ஆசியக் கிளை. 2006-ன் வைரஸ் ஆப்பிரிக்கக் கிளை, ரீயூனியன் வைரஸின் நெருங்கிய உறவு. பழையது திரும்பவில்லை. புதியது கடல் கடந்து வந்திருந்தது.

நடுவே ஒரு பெயர்ச்சீட்டு: ‘ஐஎன்டி-00-எம்எச்4’. 2000-ஆம் ஆண்டில் புனே மாவட்டத்தின் யாவத் என்ற ஊரில் பிடித்த ஈஜிப்தி கொசுக்களிலிருந்து கிடைத்தது. பெரிய பரவல் இல்லாத காலத்தில் பிடித்த கொசு. எழுத்துகளைப் படித்தால் அதுவும் ஆப்பிரிக்கக் கிளை! பெருவெடிப்புக்கு ஐந்தாண்டு முன்பே அந்தக் கிளை இந்திய மண்ணில் கால்வைத்திருந்தது என்பதற்கு ஓர் ஊரின் கொசுக்கள்தான் சாட்சி. கொசுவைப் பிடித்து, இனம் பிரித்து, குப்பியில் இட்டு, பெயர் எழுதி, உறையவைக்கும் வேலைக்குப் பாராட்டுக் கிடைப்பதில்லை, நிதியும் எளிதில் கிடைப்பதில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் இல்லையென்றால் இந்த வரலாற்றின் ஒரு முழு அத்தியாயம் தவறாகவே எழுதப்பட்டிருக்கும்.

2006-ன் இந்திய மாதிரிகளில் 226-ஆவது இடத்தில் அலனின்தான் இருந்தது. மாற்றம் இல்லை. ஈஜிப்தி நிறைந்த நாட்டில் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை.

அடுத்த ஆண்டு களம் கேரளத்துக்கு மாறியது. கோட்டயம், பத்தனம்திட்டா பக்கம் மலையடிவாரங்களில் ரப்பர் தோட்டங்கள். ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிடும், சிரட்டை அங்கேயே இருக்கும். அதில் மழைநீர் தேங்கும், சருகு விழும், மேலே அடர்ந்த நிழல். புலிக் கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஓர் ஏக்கரில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள், அத்தனை சிரட்டைகள். குமரி மாவட்டத்து ரப்பர்க்காடுகளிலும் இதே காட்சிதான்.

புதுச்சேரியில் உள்ள நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 2007-ன் கேரள மாதிரிகளைப் படித்தபோது, 226-ல் வேலின் இருந்தது.

ரீயூனியனிலிருந்து யாரோ கொண்டுவந்துவிட்டார்களா? இங்கேதான் பாடபேத ஒப்பீட்டின் அருமை வெளிப்பட்டது. மற்ற எழுத்துகளையெல்லாம் பார்த்தால் கேரள வைரஸ் 2006-ன் இந்திய வைரஸின் நேர் வாரிசு. ரீயூனியனின் மாறிய வைரஸ் அதற்குத் தாய் இல்லை. ஆக, கேரளத்தில் அதே எழுத்து, அதே இடத்தில், தானாக இரண்டாம் முறை மாறியிருக்கிறது. காபோன் நாட்டின் தலைநகர் லிப்ரவில்லில் 2007-ல் புலிக் கொசு வழியாகப் பரவிய வைரஸிலும் அதே மாற்றம், அது மத்திய ஆப்பிரிக்க உட்கிளையைச் சேர்ந்தது, அதுவும் தனியாக மாறியது. புலிக் கொசு பெருகிய இடத்திலெல்லாம் வைரஸ் இதே தீர்வைத் தேடிக் கண்டடைந்தது.

அதே 2007 கோடையில் இத்தாலியின் ரவென்னா மாகாணத்தில், ஆற்றின் இரு கரைகளில் இருக்கும் இரண்டு சிற்றூர்களில் இருநூறு பேருக்குமேல் காய்ச்சல். கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த ஒருவர் வழியாக வைரஸ் வந்தது. பழைய டயர்களோடு 1990-களில் இத்தாலிக்குக் குடியேறியிருந்த புலிக் கொசு மிச்ச வேலையைச் செய்தது. அங்கும் வேலின். குளிர்நாட்டுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை அந்தக் கோடையோடு போயிற்று.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இதே கதை இரண்டு காட்சிகளாக நடந்தது. இலங்கையில் 2006-ன் இறுதியில் மட்டக்களப்பு, கல்முனை, மன்னார், யாழ்ப்பாணம் எனப் பரவிய வைரஸ் மாறாத எழுத்தோடு இருந்தது. 2008-ல் எடுத்த மாதிரிகளில் எழுத்து மாறியிருந்தது. சிங்கப்பூரில் உள்ளூர்ப் பரவல் முதன்முதலாகத் தெரிந்தது 2008 ஜனவரியில், லிட்டில் இந்தியாவின் கிளைவ் தெருவில். அது பழைய எழுத்து வைரஸ், சீக்கிரமே அடக்கிவிட்டார்கள். அதே ஆண்டின் பிற்பாதியில் மலேசியா பக்கமிருந்து வந்தது புதிய எழுத்து வைரஸ். தீவின் பசுமையான புறப்பகுதிகளில், புலிக் கொசு நிறைந்த இடங்களில் அது பரவியது.

*

இனி எஞ்சிய புதிர் ஒன்று. புலிக் கொசுவின் தாயகம் தென்கிழக்கு ஆசியா. ஆசியக் கிளை வைரஸ் பல பத்தாண்டுகள் அங்கேயே சுற்றியது. ஆப்பிரிக்கக் கிளை இரண்டே ஆண்டுகளில் கண்டுபிடித்த வழியை, பக்கத்திலேயே இருந்த ஆசியக் கிளை ஏன் கண்டுபிடிக்கவில்லை?

2011-ல் செத்சார்கினும் ஸ்காட் வீவரும் சக ஆய்வாளர்களும் விடை சொன்னார்கள். அதே இ1 புரதத்தின் 98-ஆவது இடத்தில் ஆப்பிரிக்கக் கிளைக்கு அலனின், ஆசியக் கிளைக்குத் திரியோனின். 98-ல் திரியோனின் இருந்தால் 226-ல் வேலின் வந்தும் பயனில்லை. புலிக் கொசுவிடம் எந்த ஆதாயமும் கிடைக்காது. எப்போதோ ஆசியாவுக்கு வந்த முதல் சில வைரஸ்களில் தற்செயலாக அமைந்துவிட்ட ஓர் எழுத்து, அந்த வம்சம் முழுவதற்கும் ஒரு வாசலை அடைத்துவிட்டிருக்கிறது. இந்தத் தொடருக்காகப் படித்த எத்தனையோ ஆய்வுகளில் இதைப்போல நின்று நிதானித்து வியக்கவைத்தது வேறொன்றில்லை. 1964-ல் சென்னையில் பரவியது அந்த வாசல் அடைபட்ட கிளைதான். பெருநகரத்தின் ஈஜிப்தி இருந்த இடங்களோடு அது நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆப்பிரிக்கக் கிளை 226-உடன் நிற்கவும் இல்லை. 2009-ன் கேரள மாதிரிகளில் இ2 என்ற பக்கத்துப் புரதத்தின் 210-ஆவது இடத்திலும் ஒரு மாற்றம் தெரிந்தது. அது புலிக் கொசுவின் குடலில் தொற்றும் திறனை மேலும் கூட்டியது என்று ஆய்வுக்கூடத்தில் உறுதியானது.

2013 டிசம்பரில் கரீபியக் கடலின் செயின்ட் மார்ட்டின் தீவில் சிக்குன்குனியா தென்பட்டபோது, ரீயூனியன் வைரஸ்தான் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது என்று பலர் எண்ணினார்கள். எழுத்துகளைப் படித்தால் அது ஆசியக் கிளை. ஈஜிப்தி நிறைந்த கரீபியத் தீவுகளில் அதற்குப் புலிக் கொசு தேவைப்படவே இல்லை. ஓராண்டுக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. 2014-ல் பிரேசிலின் வட எல்லை ஊரான ஓயாபோக்கியில் நுழைந்ததும் அதே ஆசியக் கிளை. ஆனால் ஏறத்தாழ அதே நேரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பாயா மாநிலத்தின் ஃபெய்ரா டி சந்தானாவில் பரவியது அங்கோலாவிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கிளை. மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு நாடு, ஒரு நோய், ஒரு பருவம். எழுத்துகளின் பதிவேட்டில் இரண்டு கண்டங்களிலிருந்து வந்த இரண்டு தனித்தனி வருகைகள். பின்னாட்களில் பிரேசில் முழுதும் ஓங்கியது இரண்டாவதுதான்.

2024 ஆகஸ்டில் ரீயூனியனில் நோய் மறுபடி தலைகாட்டி, 2025-ன் முதல் பாதியில் பல்லாயிரம் பேரைப் பிடித்தது. 2006-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. இந்த முறை வைரஸின் முழு வரிசையையும் பரவல் நடந்துகொண்டிருக்கும்போதே படித்துவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கிளை. 226-ல் வேலின்.

(அடுத்த பகுதி: 1999-ல் நியூயார்க்கில் செத்து விழுந்த காகங்களும், அதற்கு முந்தைய ஆண்டு இஸ்ரேல் பண்ணையில் இறந்த பெருவாத்தும்.)